சின்ன சிஎன்சியில் விமானப் பேனல் வெட்டுவது

இரவு நேரத்தில் கம்ப்யூட்டர் ஃப்ளைட் சிமுலேட்டரில் பறக்கிறவர்களுக்குத்தான் ஸ்விட்ச் பேனலின் அருமை தெரியும். திருவனந்தபுரத்தில் 32-ஆம் ஓடுபாதைக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது, இருட்டில் கீபோர்டைத் தடவி லேண்டிங் லைட்டுக்கு எந்தக் கீ என்று தேடுவது பெரிய எரிச்சல். ஸ்விட்சுக்கு மேலே பெயர் மெலிதாக எரிந்தால் கை தானாகவே அங்கே போய்விடும்.

நான் தக்கலையில் டிடிபி வேலை செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, சர்ச் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க எழுத்தோடுதான் பாடு. அதனால் பேனலிலும் என் கண் முதலில் எழுத்தின் மேல்தான் விழும். துளை போடுவதும் ஓரம் வெட்டுவதும் இரண்டு பேனலில் பழகிவிடும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே தடிப்பில் வருகிறதா என்பதில்தான் சங்கதி இருக்கிறது. ஆகவே இங்கே பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

சிஎன்சி என்பது கம்ப்யூட்டரில் வரைந்தபடி தானே வெட்டும் மெஷின். அதில் 3018 என்ற சின்ன மாடல் போதும். 300-க்கு 180 மி.மீ. இடம் கிடைக்கும். விமானத்தில் ரேடியோ மாதிரியான பேனல்களின் பொது அகலம் ஐந்தேமுக்கால் அங்குலம், அதாவது 146 மி.மீ. உயரம் முக்கால் அங்குலத்தில் பாதியான 9.525 மி.மீ.யின் மடங்காக வரும். இந்தக் கணக்கில் போட்டால் பின்னாளில் வேறு பேனல் சேர்க்கும்போது எல்லாம் வரிசையாகப் பொருந்தும். முதல் பேனலுக்கு 146-க்கு 57 மி.மீ. எடுங்கள். அதில் பீக்கன், லேண்ட், டாக்ஸி, நேவ், ஸ்ட்ரோப் என்று செஸ்னா 172-இல் உள்ள ஐந்து லைட் ஸ்விட்சுகள். 24 மி.மீ. இடைவெளியில் வைத்தால் இரண்டு பக்கமும் 25 மி.மீ. மிச்சம் இருக்கும். வரைந்ததை நூற்றுக்கு நூறு அளவில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஸ்விட்சுகளைக் குத்திப் பாருங்கள். பக்கத்து ஸ்விட்சில் விரல் இடிக்கிறதா என்பது கம்ப்யூட்டர் திரையில் தெரியாது.

அடுத்தது ஷீட். 3 மி.மீ. தடிமனில் ஓப்பல் ஒயிட் அக்ரிலிக் வேண்டும். கடை வாசலில் உள்ளே விளக்கு வைத்து எரியவிடுகிறார்களே, அந்த போர்டுகளுக்குப் போடும் அதே பால்வெள்ளை ஷீட்தான். நாகர்கோவில் பக்கம் போர்டு செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டால் கிடைக்கும். வடசேரியில் நான் வாங்கும் கடை அண்ணன், "எதுக்குடே ஒனக்கு இந்தத் துண்டெல்லாம்?" என்று கேட்டுவிட்டு எடை போட்டுக் கொடுப்பார். வாங்கும்போது 'காஸ்ட்' அக்ரிலிக்கா என்று கேளுங்கள். 'எக்ஸ்ட்ரூடட்' என்றால் பிட் (மெஷினில் சுழலும் வெட்டுமுனை) சூட்டில் இளகி, பிசின் மாதிரி பிட்டைச் சுற்றிக்கொள்ளும். கடைக்காரருக்கே தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு கோடு வெட்டிப் பாருங்கள். காஸ்ட் என்றால் உலர்ந்த செதில் பறக்கும், மற்றது நூல் நூலாக வரும்.

ஷீட்டின் மேல்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட். பிறகு அதை எழுத்து வடிவில் மெஷின் சீவி எடுக்கும், அந்த இடத்தில் மட்டும் வெள்ளை ஷீட் வழியாக வெளிச்சம் வரும். 600 நம்பர் நீர்த்தாளால் பளபளப்பு போகும் அளவு தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர விடுங்கள். முதலில் மேட் கறுப்பு ஸ்ப்ரே, மெல்லிசாக இரண்டு மூன்று கை. அது வெளிச்சத்தை அடைக்க. அதன்மேல் சாம்பல் நிறம். போயிங் 737 மாதிரி வேண்டும் என்கிறவர்கள் பெரும்பாலும் ரால் என்ற நிற எண் பட்டியலில் 7011 என்ற சாம்பலைப் போடுவார்கள். பெயின்ட் காய்ந்ததும் இருட்டு அறையில் போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை அளவில் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் கறுப்பு போதவில்லை, இன்னொரு கை அடிக்க வேண்டும்.

நம்ம ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் நமக்குத்தான். ஈரக் காற்றில் ஸ்ப்ரே அடித்தால் மேட் பெயின்ட் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் வந்த மத்தியானம் பார்த்து அடியுங்கள். காய்வதற்கு இரண்டு நாள், மழைக்காலம் என்றால் அதற்கும் மேல். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மெஷினில் ஏற்றினால் எழுத்தின் ஓரத்தில் பெயின்ட் பிய்ந்து வரும்.

அதே ஈரம் மெஷின் படுக்கையில் கிடக்கும் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையையும் ஊத வைக்கும். எழுத்து கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கொஞ்சம் கணக்கு பார்ப்போம். எழுத்து வெட்டும் வி வடிவ முனையான வி-பிட்டின் நுனி 0.2 மி.மீ., கோணம் 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.2 மி.மீ. ஆழத்தில் கோட்டின் அகலம் ஏறக்குறைய 0.31 மி.மீ., 0.3 ஆழத்தில் 0.36. அதாவது ஆழம் 0.1 தப்பினால் அகலம் 0.05 தப்பும். 60 டிகிரி பிட் என்றால் அதே தப்புக்கு 0.115 மி.மீ. மாறிவிடும். ஒரு பக்கம் எழுத்து தடியாகவும் மறுபக்கம் மெலிந்தும் தெரிவது இதனால்தான். 30 டிகிரி பிட் கொஞ்சம் பொறுத்துப்போகும், நானும் அதைத்தான் போடுகிறேன். ரொம்பக் கூர்மையான 10, 15 டிகிரி பிட்டுகள் நுனி உடைந்துவிடும். உடைந்தது கண்ணுக்கும் தெரியாது.

எந்தப் பிட் போட்டாலும் பலகை மட்டமாக இருந்தாக வேண்டும். எம்டிஎஃப்பை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, 6 மி.மீ. எண்ட் மில்லால் (தட்டை நுனி பிட்) மேல்பரப்பு முழுவதையும் 0.2 மி.மீ. சீவி விடுங்கள். மெஷின் தானே சீவிய பரப்பு அதன் அச்சுக்கு மட்டமாகத்தான் இருக்கும். மழைக்காலம் தொடங்கினால் மறுபடியும் ஒருமுறை சீவுங்கள். பிறகு ஷீட்டை ஒட்டி, நான்கு மூலைக்கும் பிட்டைக் கொண்டுபோய், அடியில் சாதாரண ஏ4 தாளை விட்டு இழுத்துப் பாருங்கள். அந்தத் தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. ஒரு மூலையில் தாள் தாராளமாக ஓடி, இன்னொரு மூலையில் சிக்கினால் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஷீட்டை ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப்பும் ஃபெவிகுவிக்கும் போதும். பலகையில் ஒரு டேப், ஷீட்டின் அடியில் ஒரு டேப், இரண்டின் முதுகுக்கும் நடுவில் பசை. வேலை முடிந்ததும் டேப்பை உரித்தால் கறை இருக்காது. கிளாம்ப் போட்டு இறுக்கினால் நடுப்பகுதி வில் மாதிரி எழும்பும், எழுத்தும் போச்சு.

எழுத்துக்கு வருவோம். கோரல் டிராவில் நாம் பயன்படுத்தும் எழுத்துருக்கள் எல்லாம் வெளிக்கோடு கொண்டவை. அவற்றை அப்படியே ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளைகள்) ஆக்கினால் ஒவ்வொரு எழுத்தும் உள்ளே கூடாக, இரட்டைக் கோட்டில் வரும். தேவை ஒற்றைக் கோட்டு எழுத்து. இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில், டெக்ஸ்ட் என்பதன் கீழே ஹெர்ஷி டெக்ஸ்ட் இருக்கிறது. 1967-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹெர்ஷி உருவாக்கிய எழுத்துகள் அவை. இன்றைக்கும் இந்த வேலைக்கு அதற்கு ஈடு இல்லை. ஒற்றைக் கோட்டு சான்ஸ் (Sans) எழுத்துருவை எடுத்து, உயரம் 3.5 மி.மீ. வைத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பின்னால் விளக்கு எரியும்போது ஒளி கசிந்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். பகலில் சற்று அகலமாகத் தோன்றும் இடைவெளிதான் இரவில் சரியாக இருக்கும்.

முதலில் எழுத்து, பிறகு துளை, கடைசியில் ஓரம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஓரம் வெட்டிய பிறகு ஷீட்டின் பிடி தளர்ந்துவிடும். தொடங்கும் முன் கழிவாகப் போகிற மூலையில், ஆரம்பப் புள்ளியில் வி-பிட்டால் ஒரு சின்னக் குழி போட்டு வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் கன்ட்ரோல் போர்டுக்குத் தான் எங்கே இருந்தோம் என்பது மறந்துவிடும். காற்றடித்து ரப்பர் மரக்கொம்பு லைனில் சாய்வது நமக்குப் புதுசா என்ன. அந்தக் குழியில் பிட்டை மறுபடி நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் மெஷினையும் மாட்டினால் இன்னும் நிம்மதி.

துளைக்கும் ஓரத்துக்கும் 2 மி.மீ. சிங்கிள் ஃப்ளூட் பிட். வேகக் கணக்கு எளிது: சுற்று 10,000, வெட்டும் விளிம்பு ஒன்று, ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. சீவல். பெருக்கினால் நிமிடத்துக்கு 500 மி.மீ. ஒரு தடவைக்கு 0.5 மி.மீ. ஆழம் இறக்குங்கள். மெதுவாகப் போனால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அக்ரிலிக்கில் அது நேர்மாறு. பிட் வெட்டாமல் உரசி, சூடேறி, ஷீட் உருகும். வெட்டிய தடத்தில் கிடக்கும் சீவலை வாக்குவம் வைத்து இழுத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் பின்னாலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். பிட் மாற்றிய ஒவ்வொரு முறையும் உயரத்தை, அதாவது பிட் ஷீட்டைத் தொடும் இடத்தை, மறுபடி ஜீரோ வைக்க வேண்டும். நீள அகல ஜீரோவைத் தொடாதீர்கள்.

சின்ன டாகிள் ஸ்விட்சின் கழுத்து 6 மி.மீ., துளை 6.2 போதும். திருகும் குமிழுக்கான ரோட்டரி என்கோடருக்கு 7.2. ஓரத்தில் மூன்று நான்கு இடத்தில் வெட்டாமல் பாலம் விட்டு, கடைசியில் கத்தியால் அறுத்து அரம் போடுங்கள்.

தூசியைத் துடைக்க தின்னர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். பெயின்ட் போவது ஒரு பக்கம், வெட்டிய துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

பின்னால் வார்ம் ஒயிட் எல்இடி ஸ்ட்ரிப், 12 வோல்ட். ஷீட்டோடு ஒட்டாமல் 15, 20 மி.மீ. தள்ளிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். உட்புறம் வெள்ளை அடித்தால் ஒளி பரவும், எழுத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியாது. ஸ்விட்சுகளை அர்டுயினோ மெகா என்ற கன்ட்ரோலர் போர்டில் மாட்டி, அதைச் சிமுலேட்டரோடு இணைக்கும் மொபிஃபிளைட் மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தால் சிமுலேட்டர் எடுத்துக்கொள்ளும். ஸ்விட்சின் ஒரு கால் கிரவுண்டுக்கு, இன்னொரு கால் போர்டின் பின்னுக்கு (pin), தனியாக ரெசிஸ்டர் தேவையில்லை. ஸ்விட்ச் நட்டை விரலால் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் போனால் அக்ரிலிக் கீறிவிடும்.