வடகோடி ஊர்களுக்கு நூல் பிடிப்பது எப்படி?

சுவரில் மாட்டியிருக்கும் உலகப்படத்தில் ஸ்கேல் வைத்து வடதுருவப் பக்கத்து ஊர்களை அளக்காதீர்கள். வழக்கமான தட்டைப் படம் மேலே போகப் போக இழுத்துக் காட்டும். 65 டிகிரி வடக்கில் தூரம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருத்துத் தெரியும்.

திருப்பூரில் விமான டிக்கெட் போடும் கடை என்னுடையது. மேசையில் ஓர் உலக உருண்டை, டிராயரில் ஒரு துண்டு நூல். நம்ம ஊரில் நூலுக்கா பஞ்சம்? காங்கயம் பக்கத்து அம்மா ஒருவரின் மகள் கனடாவில் நர்ஸ். யெல்லோநைஃபில் இருந்தவருக்கு இனுவிக்குக்கு மாற்றல். "ஏனுங்க, ரெண்டும் ஒரே மாகாணம்தானுங்களே, ஈரோட்டுக்குப் போற மாதிரி பஸ்ஸுல போயிரலாமுங்களா?" என்று கேட்டார். "உக்காருங்கம்மா, அளந்தே பாத்துரலாம்" என்றேன்.

உருண்டையின் குறுக்களவு 30 செ.மீ. என்றால் சுற்றளவு 94 செ.மீ. சொச்சம். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அப்படியானால் ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. சின்ன உருண்டையில் ஊர்ப்பெயர் இருக்காது. கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில் யெல்லோநைஃப், மெக்கன்சி ஆறு கடலைத் தொடும் கழிமுகத்தில் இனுவிக். ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையைத் தொய்வில்லாமல் இழுங்கள். பனியன் நூல் வேண்டாம், நீண்டு கொடுக்கும். தையல் நூல்தான் சரி. அந்த அம்மாவையே பிடிக்கச் சொன்னேன். 2.6 செ.மீ. வந்தது. அதாவது 1,100 கி.மீ.

உருண்டை இல்லையா? கணக்குப் போடுங்கள். அட்சரேகை எங்கேயும் டிகிரிக்கு 111 கி.மீ.தான். தீர்க்கரேகை அப்படியில்லை: கோவையில் டிகிரிக்கு 109 கி.மீ., இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே வெறும் 46. வடக்கு தெற்காக 5.9 டிகிரி, 655 கி.மீ.; கிழக்கு மேற்காக 19.3 டிகிரி, சுமார் 890. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1,105. நூல் சொன்னதுதான்.

நேரத்துக்கு என் வாய்க்கணக்கு இது. ஜெட் என்றால் மணிக்கு 800 கி.மீ., ஏற இறங்க அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். கோவை–சென்னை வான்வழி 400 கி.மீ.; கணக்கில் ஒரு மணி நேரம், டிக்கெட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் கூட இருக்கும். யெல்லோநைஃப்–இனுவிக்குக்கு ஒண்ணே முக்கால், இரண்டு மணி வரும். ஆனால் அந்தப் பக்கம் விசிறி வைத்த விமானங்களும் ஓடும். அதற்கு மணிக்கு 500 போடுங்கள். இரண்டே முக்கால் மணி ஆகிவிடும். நடுவில் நார்மன் வெல்ஸில் இறங்கி ஏறினால் தூரம் அவ்வளவாகக் கூடாது, நேரம்தான் முக்கால் மணி கூடும். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம் என்பதால் டிக்கெட்டில் போட்ட நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

பஸ் கதைக்கு வருவோம். நேர்ச்சாலையே கிடையாது. மேற்கே அடுத்திருக்கும் யூகான் பக்கம் போய்ப் பெரிய சுற்றுச் சுற்ற வேண்டும். அங்கிருந்து இனுவிக்குக்குப் போகும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் இரண்டு ஆறுகளுக்குப் பாலம் இல்லை. கோடையில் படகு, குளிரில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டி ஓடும். உறையும்போதும் உருகும்போதும் இரண்டுமே கிடையாது.

அதனால் விமானம்தான். டிக்கெட் போடும்போது இனுவிக்கிலிருந்து வந்து அதே நாளில் இந்தியாவுக்கு மாறுகிற மாதிரி மட்டும் போடாதீர்கள். பனிமூட்டம் வந்தால் விமானம் கிளம்பாது. யெல்லோநைஃபிலோ எட்மன்டனிலோ ஓர் இரவு தங்குகிற மாதிரி வையுங்கள்.