சோஃபகிளீஸின் வரியை மேடையில் எடுத்தாள்வது எப்படி?

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்குப் பேச்சு எழுதுபவர்கள் குறளுக்குத் துணையாக ஓர் அயல்நாட்டு மேற்கோளைத் தேடும்போது, “சோஃபகிளீஸ் சொன்னார்” என்று இணையத்தில் கிடைக்கும் வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் சொன்னவர் பண்டைக் கிரேக்க நாடகாசிரியரான சோஃபகிளீஸ் அல்லர். அவருடைய நாடகத்தில் வரும் ஒரு பாத்திரம். “யானோ அரசன், யானே கள்வன்” என்ற வரியைக் காட்டி, இளங்கோவடிகள் தம்மைக் கள்வன் என்று ஒப்புக்கொண்டதாக ஒருவர் முழங்கினால் அவையே சிரித்துவிடும். கிரேக்க நாடகத்தில் இதே பிழை நேரும்போது சிரிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே நாடகம் எது, பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகிறார் என்ற மூன்றையும் முதலில் உறுதிசெய்யுங்கள். கி.மு. 406இல் மறைந்த சோஃபகிளீஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினாலும் முழுமையாகக் கிடைப்பவை 7 மட்டுமே என்பதால், இது மலைப்பான வேலையன்று. நூலகத்தில் மொழிபெயர்ப்பை இரவல் பெறும்போது ஓரத்தில் வரி எண் அச்சிட்ட பதிப்பாகத் தேர்ந்தெடுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

‘ஆன்டிகனி’யைப் பார்ப்போம். நகரைத் தாக்க வந்து மாண்டவனை அடக்கம் செய்யக் கூடாது என்ற மன்னன் கிரியோனின் ஆணையை மீறி, மாண்டவனின் சகோதரி ஆன்டிகனி அவன் உடல்மேல் மண் தூவுகிறாள். கிரியோன் அவளுக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹேமோன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன், நம் வழக்கில் முறைமாப்பிள்ளை. பிடிபட்டு நிற்பவளைச் சுட்டி, தீயில் வெந்து இறுகிய இரும்புதான் பெரும்பாலும் நொறுங்கும் என்கிறான் கிரியோன். தனியே படித்தால் பிடிவாதக்காரருக்கு ஏற்ற அறிவுரை. ஆனால் சுமார் 240 வரி கழித்து, வெள்ளத்துக்கு வளைந்துகொடுக்கும் மரம் சிறு கிளையையும் காத்துக்கொள்ளும், எதிர்த்து நிற்பது வேரோடு சாயும் என்று ஹேமோன் தந்தையிடமே மன்றாடுகிறான். அதைக் கேளாத கிரியோன் மகனையும் மனைவியையும் இழக்கிறான். அவள்மேல் எறிந்த உவமை அவன் தலையிலேயே விழுகிறது. இரும்பு வரியை மட்டும் எடுத்துச் செல்வது, சுளையை விட்டுத் தோலைக் கொண்டுபோவது போன்றது.

தமிழாக்கும்போது அந்த மரத்தை நாணலாக்கிவிடாதீர்கள். நம் பழமொழி நாவில் தயாராக இருப்பதால் பலரும் வழுக்கும் இடம் அது. “இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்” என்ற 448ஆம் குறளை இணைக்கலாம். ஆனால் கிரியோனுக்கு இடித்துரைக்க மகனும் இருந்தான், டைரீசியஸ் என்ற குருட்டுத் தீர்க்கதரிசியும் இருந்தார் என்ற வேற்றுமையைச் சொன்னால்தான் ஒப்பீடு சுவைக்கும்.

நேரம் குறைவாக இருந்தால் இவ்வளவு போதும்: “இறுகிய இரும்பே நொறுங்கும் என்று சோஃபகிளீஸின் நாடகத்தில் ஒரு மன்னன் மருமகளாக வரவிருந்தவளைப் பழிக்கிறான், நாடகம் முடிவதற்குள் நொறுங்கியவன் அவன்தான்.”