வெளிநாட்டுக்குத் தேயிலை அனுப்பும் முன் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம் கோத்தகிரியில் என் பட்டறைக்கு ஒரு தம்பி வந்திருந்தான். ஃபேக்டரிக்குக் கொழுந்து போட்டுக் கட்டுப்படியாகாமல், கையால் உருட்டிய தேயிலையைச் சொந்தமாகச் செய்து விற்க ஆரம்பித்தவன். ஐரோப்பாவிலிருந்து முதல் ஆர்டர் வந்த சந்தோஷத்தில், "அக்கா, கையெழுத்துப் போட்டுடலாமா?" என்று ஒப்பந்தத்தை நீட்டினான். மூன்றாம் பக்கத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது, பத்து வருடத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்ட அதே வரி அங்கே இருந்தது. லேபிளில் எழுத்துப் பிழை, ஈரப்பதம், பேக்கிங் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது பெயர், உரிமை சம்பந்தப்பட்ட தவறுகளை.

பெயர்ப் பதிவை வாங்குபவரிடம் விடுவது

அந்த வரி இதுதான்: "எங்கள் நாட்டில் டிரேட்மார்க் பதிவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்குச் செலவு இல்லை." கேட்க உதவி மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) கீழே ஓடும் ஓடையின் பெயரைத்தான் என் தேயிலைக்கு வைத்திருந்தேன். மூன்று பனிக்காலம் நல்லபடியாகப் போனது. நான்காவது வருடம் வாங்குபவர் விலையைக் கால்வாசி குறைத்துக் கேட்டார், நான் அதே நாட்டில் வேறொரு இறக்குமதியாளரைத் தேடிப் பிடித்துச் சரக்கு அனுப்பினேன். சரக்கு போய் இரண்டே வாரத்தில் அந்தப் புது ஆளுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்த நாட்டில் எங்கள் ஓடையின் பெயர் என் பழைய வாடிக்கையாளருக்குச் சொந்தம். பெட்டிகள் திரும்பி வந்தன. நானும் அம்மாவும் உட்கார்ந்து 600 பைகளிலும் லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தோம், பசை விடாமல் பாதிப் பை கிழிந்துபோனது. இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது.

இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள். டிரேட்மார்க் உரிமை எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்குள்தான் செல்லும். சென்னையில் பதிவு செய்தால் இந்தியாவுக்கு மட்டும். ஐரோப்பாவிலும் சீனாவிலும் பெரும்பாலும் முதலில் விண்ணப்பித்தவருக்கே பெயர். பெயர், கண்டுபிடிப்பு உரிமைகளுக்காகப் பல நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கையில், முகவர் ஒருவர் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தன் பெயரில் பதிவு செய்தால் அதை எதிர்க்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் நான்தான் அனுமதி கொடுத்துக் கையெழுத்தே போட்டிருந்தேனே! வழக்கு நடத்த அந்த ஊர் வக்கீல் கேட்ட தொகை என் ஒரு வருட வியாபாரத்தைவிட அதிகம். காகிதத்தில் அவருக்கும் எனக்கும் ஒரே சட்டம்தான், ஆனால் செலவு செய்து நிற்க முடிந்தவரிடம் பெயர் இருந்தது, பெயர் இருந்தவர் விலை வைத்தார். நாலு கிலோவுக்கு மேல் கொழுந்து பறித்து, வாட்டி, உருட்டி ஒரு கிலோ தேயிலை ஆக்கியவளுக்கு அதில் பேச்சே இல்லை.

இதைத் தடுக்க நான் செலவழித்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். இங்கே தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, கட்டணம் 4,500 ரூபாய், தேயிலைக்கு 30-ஆம் வகுப்பு. அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வெளிநாட்டில் விண்ணப்பித்தால், பாரிஸ் உடன்படிக்கைப்படி இந்தியத் தேதியையே முன்னுரிமையாகக் கேட்கலாம். 2013-இல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் சேர்ந்ததால் இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம், அதற்குக் கட்டணம் சுவிஸ் ஃப்ராங்கில், கொஞ்சம் கடிக்கும்தான். அதனால் எல்லா நாடும் வேண்டாம், சரக்கு போகும் நாடு போதும். ஒப்பந்தத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: பெயர் உற்பத்தியாளருக்கே சொந்தம், வாங்குபவர் ஒப்பந்தம் நடக்கும்வரை பயன்படுத்தலாம், தன் பெயரில் பதிவு செய்யக் கூடாது, செய்திருந்தால் எழுதித் திருப்பித் தர வேண்டும்.

ஊர்ப் பெயரையே பிராண்டாக வைப்பது

வேண்டாம். பதிவு செய்யப் போனால் ஆட்சேபணை வரும்.

"புவிசார் குறியீடுதான் இருக்கிறதே" என்று உட்கார்ந்துவிடுவது

ஓர் ஊருக்கே உரிய பொருளுக்குத் தரும் அடையாளம்தான் புவிசார் குறியீடு. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு (இலையை உருட்டிச் செய்வது) குறியீடு இருக்கிறது, தோடர் எம்பிராய்டரிக்கு இருக்கிறது, 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. ஆனால் பதிவான பொருளை நீங்கள் செய்வதாலேயே அந்த முத்திரையைப் போட உரிமை வந்துவிடாது, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். பூண்டு விவசாயிகள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி தூளுக்கு ஆர்த்தடாக்ஸ் குறியீடு கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் குறியீடும் நாட்டு எல்லையோடு நிற்கும். டார்ஜிலிங் தேயிலையே ஐரோப்பாவில் தனியாக விண்ணப்பித்து 2011-இல்தான் பதிவு பெற்றது. அப்புறம், அறிவுசார் சொத்துரிமைக்கான உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்திலேயே ஒரு பாரபட்சம் இருக்கிறது. 23-ஆம் பிரிவு மதுவகைகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது, வேறு ஊரில் செய்த ஒயினுக்கு "அந்த ஊர் வகை" என்றுகூட எழுத முடியாது. தேயிலைக்கும் பூண்டுக்கும் 22-ஆம் பிரிவுதான், வாங்குபவர் ஏமாறுகிறார் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதே பாதுகாப்பை மற்றப் பொருள்களுக்கும் தரச் சொல்லி இந்தியா பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பாட்டி வைத்தியத்துக்கு பேட்டன்ட் கேட்பது

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 3(p) பிரிவு பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) இல்லை என்கிறது. சரி, அதைவிடப் பெரிய தவறு, மூலிகையைத் தேடி மலைக்கு வரும் ஆராய்ச்சியாளரிடம் ஒரு காகிதமும் இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லி, செடியையும் பிடுங்கிக் கொடுப்பது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கே அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அரசு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் 1953-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரையையும் காட்டித்தான் 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. எழுத்தில் இருந்ததால் தப்பித்தோம், இருளரும் குறும்பரும் வாய்வழியாக வைத்திருப்பதற்கு அப்படி என்ன காட்டுவது? வெளிநாட்டவர் என்றால், சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

புதுக் கருவியைக் கண்காட்சியில் காட்டிவிட்டு விண்ணப்பிப்பது

முதலில் பேட்டன்ட் விண்ணப்பம், அப்புறம் கண்காட்சி.