உப்புக்காற்றில் கிடந்த வார்ப்பிரும்பு அடுப்பை மீட்பது எப்படி

எங்கள் வீட்டு வார்ப்பிரும்பு அடுப்புக்குள் பதினொரு வருடம் கோழி முட்டையிட்டது. அப்பப்பா திருகோணமலைக் கடற்படை டொக்யார்ட்டில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுக் கிளம்பிய காலத்தில் மாட்டுவண்டியில் ஏற்றி அதை உப்புவெளிக்குக் கொண்டுவந்தாராம். அப்பாச்சி ஒருநாளும் அதில் உலை வைத்ததில்லை. பிறகு அது வேலியோரம் போய், அடைக்கோழிக்கு வீடாகிவிட்டது. நான் திருத்தப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப கோழிய எங்கடா விடுறது?"

கடல்தண்ணி குடித்த வள்ள எஞ்சின் திருத்துவது என் தொழில். இரும்புக்குக் கறளை (துருவை) விட அதற்குள் ஒளிந்திருக்கும் உப்புத்தான் எதிரி என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் முதல் தரம் கோட்டைவிட்டேன். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது வார்ப்புத்தானா என்று பாருங்கள். காந்தம் உதவாது, உருக்குத் தகட்டையும் அது பிடிக்கும். அடிப்பக்கத்தில், கண்ணில் படாத ஓரிடத்தில் அரத்தால் நாலு தரம் இழுங்கள். விழுகிற தூள் கறுப்பாக இருந்து, விரலில் தேய்க்கும்போது பென்சில் கரி மாதிரி அப்பினால் வார்ப்பு. பென்சிலுக்குள் இருக்கும் அதே கிராபைட்தான் இதற்குள்ளும் இருக்கிறது. தூள் வெள்ளையாக மினுங்கினால் உருக்கு.

அடுத்தது எழுத்து. கதவின் உட்பக்கம், சாம்பல் தட்டின் முகப்பு, மேல்தட்டின் அடிப்பக்கம் மூன்றையும் ஈரத்துணியால் துடைத்து, இரவில் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழலில் எழும்பும். எனக்குக் கதவில் 'கரன்' என்ற பெயர் கிடைத்தது. ஸ்கொட்லாந்தில் ஃபோல்கேர்க் ஊருக்குப் பக்கத்தில் 1759இல் தொடங்கிய வார்ப்பாலை அது. கப்பலில் வைத்துச் சுடும் கட்டைப் பீரங்கிக்கு 'கரனேட்' என்று பெயர் வந்ததும் இந்த ஆலையால்தான். பீரங்கி வார்த்தவனே அடுப்பும் வார்த்திருக்கிறான்.

பெயரை விட வயதைச் சொல்வது பதிவுக்குறி, அதாவது வடிவத்தைப் பதிவு செய்ததற்கு வார்ப்பில் விட்ட அடையாளம். சாய்சதுரம் ஒன்றின் மூலைகளில் எழுத்தும் இலக்கமும் இருந்தால், அந்த வடிவம் பிரித்தானியாவில் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. சாய்சதுரத்தின் உச்சி வட்டத்துக்குள் ரோமன் இலக்கத்தில் ஒன்று (I) இருந்தால் உலோகப் பொருள் என்று அர்த்தம். 1884இலிருந்து சாய்சதுரம் போய், 'ஆர்டி' (Rd) என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் வெறும் தொடரிலக்கமும் வந்தன. ஒன்றில் தொடங்கிய இலக்கம் 1900 பிறக்கும்போது சுமார் மூன்றரை இலட்சத்துக்கு வந்துவிட்டது. என்னுடைய ஆறு இலக்கம் 32 என்று தொடங்குகிறது, ஆகவே 1898. ஆனால் அது வடிவத்தைப் பதிந்த வருடம். அதே அச்சில் இருபது வருடம் கழித்தும் வார்த்திருக்கலாம். 'நூற்றிருபத்தைந்து வருட அடுப்பு' என்று சொல்லி விலை கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மூன்று கோடு கூடிய அம்புக்குறி தெரிந்தால் அது பிரித்தானிய அரசாங்கச் சொத்தாக இருந்தது. திருகோணமலையில் அப்படி ஒன்று அகப்பட்டால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். போல்ற்றுகளுக்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து காலையும் மாலையும் விட்டு, ஒரு கிழமை பொறுங்கள். நான் மூன்றாம் நாளே சுத்தியலை எடுத்தேன். உருக்கு வளையும், வார்ப்பு வளையாது, முறியும். கதவுப் பிணைச்சலின் காது பிஸ்கட் மாதிரிக் கையில் வந்தது. விடாத போல்ற்றை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்து எறியுங்கள். போல்ற் கடையில் வாங்கலாம், காதை வாங்க முடியாது.

இரண்டு இடத்தில் கவனம். கதவோரத்தில் நைந்த வெள்ளைக் கயிறு இருந்தால் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். பிய்த்து உதறாமல், முகமூடி போட்டு, நன்றாக நனைத்து எடுத்து இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். காயக் காயச் சுரண்டாதீர்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

இனிக் கறள். சின்னத் துண்டுகளுக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி. அரை மணிக்கொருதரம் எடுத்துப் பார்க்க வேண்டும், இரவு முழுக்கப் போட்டால் இரும்பையே தின்னும். பெரிய தட்டுகளுக்கு நான் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, 5 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ற் பற்றரி சார்ஜரைப் பயன்படுத்தினேன். அடுப்புத் துண்டுக்குச் சார்ஜரின் மைனஸ், பழைய இரும்புத் தகடொன்றுக்குப் பிளஸ், இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மாற்றிக் கொடுத்தால் அடுப்புத்தான் கரையும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் வேண்டவே வேண்டாம், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். எழும்பும் குமிழி ஐதரசன். வெளியில் வையுங்கள், பக்கத்தில் சுருட்டுப் பற்றவைக்க வேண்டாம். துண்டைத் தொடுவதென்றால் முதலில் சார்ஜரை நிற்பாட்டுங்கள்.

கோட்டைவிட்டது இதற்குப் பிறகு. சாம்பல் நிறத்தில் இரும்பு பளிச்சென்று வந்ததும் அன்றைக்கே பெயின்ற் அடித்தேன். ஒரு மாதத்தில் வியர்வைத்துளி மாதிரிச் சின்னச் சின்னக் கொப்புளம், உள்ளே செம்மஞ்சள் நீர். துளைகளுக்குள் இருந்த உப்பு ஈரத்தை இழுத்திருக்கிறது. எல்லாவற்றையும் சுரண்டி, மழைத்தண்ணீரில் கொஞ்சம் சலவைச் சோடா கலந்து ஊறப்போட்டேன். நாளுக்கொருதரம் தண்ணீர் மாற்றி, பத்து நாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், அதைத் தொடவில்லை. பிறகு காயவைத்து, மூன்று நாள் சும்மா விட்டுப் பார்த்தேன். துளி வராத பிறகுதான் தூரிகை.

இந்த வேலைக்குக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் காலம் நல்லது. எங்கள் கிழக்குக் கரையில் அந்தக் காற்று தரையிலிருந்து வரும், சூடும் வறட்சியும் தட்டை எலும்பு மாதிரிக் காயவைக்கும். வடகிழக்கு வாடைக் காற்றில் தொடங்கினால் கடலே வந்து உங்கள் பெயின்ற்றுக்குள் உட்காரும்.

வெடிப்பைக் கண்டுபிடிக்கத் துண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் முழுசு, கரகரத்தால் வெடிப்பு. சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டக் கொடுக்காதீர்கள், ஆறும்போது ஒட்டின் பக்கத்திலேயே திரும்ப வெடிக்கும். நிக்கல் குச்சியோடு முன்கூட்டியே சூடாக்கி ஒட்டத் தெரிந்தவர், அல்லது பித்தளை ஒட்டுக்காரர் வேண்டும். முறிந்த காதை எனக்குப் பித்தளையால்தான் ஒட்டித் தந்தார்கள். மஞ்சள் கோடு இப்போதும் தெரியும்.

பூட்டும்போது மூட்டுகளுக்கு நெருப்புச் சீமெந்து, கதவுக்குக் கண்ணாடிநார்க் கயிறு. போல்ற்றை முறுக்கி இறுக்க வேண்டாம், சூட்டில் இரும்பு விரிய இடம் வேண்டும். இரவில் உள்ளே டோர்ச்சை வைத்துக் கதவை மூடுங்கள், வெளிச்சம் கசியும் இடத்தில் புகையும் கசியும்.

வெளிப்பக்கத்துக்கு மோட்டார் சைக்கிள் கடையில் சைலன்சருக்கு விற்கும் பெயின்ற் போதும். பழையபடி வேண்டுமென்றால் கிராபைட் பூச்சு. அந்தக் காலத்து இங்கிலாந்து அடுப்புகள் மினுங்கியது அதனால்தான், இலங்கையும் அப்போது கிராபைட் ஏற்றுமதி செய்தது. சட்டி வைக்கும் தட்டுக்கு இரண்டும் வேண்டாம். நல்லெண்ணெயை மெல்லிசாகப் பூசித் துடைத்துச் சுட வையுங்கள், தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான். தேங்காயெண்ணெய் அந்த அளவுக்கு இறுகிப் பிடிக்காது.

முதல் தீ ஒரு கைப்பிடிச் சுள்ளி. ஆறவிட்டு மறுநாள் அதைவிடக் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். சூடான தட்டில் தண்ணீர் தெளித்தால் வெடிக்கும். கிடுகுக் கூரைக்குள் இந்த அடுப்பை வைக்கவே வேண்டாம். கடற்கரையில் ஒதுங்கும் கட்டையையும் எரிக்காதீர்கள், அதில் ஊறிய உப்பு இரும்பை உள்ளேயிருந்து அரிக்கும்.

போன சனிக்கிழமை அதில் முதல் தரம் பாண் சுட்டோம், அடி கொஞ்சம் கருகியது. கதவைத் திறந்து வைத்தால் அந்தச் சிவப்புப் பேடு இன்னும் உள்ளே எட்டிப் பார்க்கிறது. தீ மூட்டுமுன் கையை விட்டு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அம்மாவின் பொறுப்பு.