ஊட்டி கோர்ட்ல கேஸ் நடக்கறத யார் வேணா போய் பாக்கலாமா?

தாராளமா பாக்கலாம்ங்க, கேஸ்ல நமக்கு சம்பந்தமே இல்லன்னாலும். கிரிமினல் கேஸ்னா, அத நடத்தற முறைய சொல்ற பிஎன்எஸ்எஸ் சட்டத்தோட 366வது பிரிவே அது திறந்த கோர்ட்டுனு சொல்லுது, இடம் இருக்கற வரைக்கும் உக்காரலாம். கோத்தகிரி, குன்னூர்ல இருந்து வர்றவங்க காலைலயே வந்துருங்க, உள்ள போறப்ப குளிருக்கு மாட்டுன குல்லாவ கழட்டி கையில வச்சுக்கிட்டு, போன ஆஃப் பண்ணிட்டு பின் பெஞ்சுல உக்காருங்க, ஜட்ஜ் வந்தா எந்திரிச்சு நிக்கணும், வீடியோ எடுக்கவே கூடாது.

ஜட்ஜ் வெளிய போங்கன்னா போயிடணும், அந்த அதிகாரம் அவருக்கு இருக்கு. பாலியல் வன்கொடுமை கேஸும், குழந்தைங்க மேல நடக்கற பாலியல் குற்றத்துக்கான போக்சோ கேஸும் மூடுன அறையிலதான் நடக்கும். குடும்ப கோர்ட்ல புருஷனோ பொண்டாட்டியோ ஒருத்தர் கேட்டாலே போதும், கதவ சாத்திடணும். சாத்துன கதவுகிட்ட நின்னு தயவுசெஞ்சு எட்டிப் பாக்காதீங்க, உள்ள ஒரு சின்ன புள்ள தனக்கு நடந்தத பயந்து பயந்து சொல்லிட்டு இருக்கலாம்.