1980-இல் நடக்கும் காதலைக் குறும்படமாக எடுக்கப் போகிறீர்களா?

பீரியட் படம் என்றதும் அம்பாசடர் காரும் பெல்பாட்டமும் வாடகைக்குத் தேடி ஓடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, அந்தப் பையனும் பெண்ணும் வீட்டுக்குத் தெரியாமல் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று முதலில் எழுதுங்கள். எஸ்.டி.டி. பூத்கூட வராத காலம், தெருவில் போன் உள்ள வீடு ஒன்றிருந்தால் பெரிசு, அதுவும் பெண்ணின் அப்பாவுக்கு வேண்டப்பட்டவர் வீடாக இருந்துவிட்டால் உங்கள் கதைக்கு அதைவிடப் பெரிய வில்லன் தேவையில்லை.

சசிகுமாரின் முதல் படம் ‘சுப்ரமணியபுரம்’ (2008) 1980-இன் மதுரையில் நடப்பது. அதை ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஜெய்யும் சுவாதியும் பேசுவதைவிடப் பார்த்துக்கொள்வதுதான் அதிகம். அவள் அரசியல்வாதி வீட்டுப் பெண், அவன் அந்த வீட்டுக்காகவே அடிதடிக்குப் போகிறவன். எங்கே நின்று எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை அந்தத் தெருதான் முடிவு செய்கிறது.

அப்புறம் கடிதம். இதில் மட்டும் சோம்பேறித்தனம் வேண்டாம். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன்பே எழுதப் பழகிய பெண் ‘லை’, ‘னை’ எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி சுழித்துத்தான் எழுதியிருப்பாள். நீல இன்லண்ட் லெட்டரை குளோசப்பில் காட்டும்போது இன்றைய எழுத்து தெரிந்தால் அந்த நொடியே காலம் கலைந்துவிடும். வீட்டில் அறுபது தாண்டிய அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் மைப்பேனாவில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள், நடிக்கிற பெண் நாலு நாள் அதைப் பார்த்து எழுதிப் பழகட்டும். கடைப் பலகைக்கும் இதே கதைதான், கம்ப்யூட்டர் எழுத்து வேண்டவே வேண்டாம்.

பையன் எப்படி வளர்கிறான் என்பதற்கும் அந்த வருடத்திலேயே விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முதல் செட் பரீட்சை எழுதியது 1980-இல்தான். அவனுடைய அண்ணன் பதினொன்றாம் வகுப்பு முடித்துக் காலேஜில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு படித்தவன், இவனோ அதே வயதில் இன்னும் பள்ளிக்கூடத்தில் பையனாகவே நிற்கிறான். அரும்பு மீசையை வைத்துக்கொண்டு, காலேஜ் பையன்கள் போகிற பஸ்ஸில் அவள் முன்னால் நிற்க அவனுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! அதை வசனமாக்காமல், புத்தகக் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிற ஒரு ஷாட்டாக எடுங்கள்.

பின்னணிச் சத்தத்துக்கு டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி போதும். பாட்டுப் போடச் சொல்லி எழுதியவர்களின் பெயர்களை வாசிப்பார்கள், அந்த வரிசையில் இருவர் பெயரும் அடுத்தடுத்து வந்தால்? அவள் அம்மா அடுப்படியில் நின்று அதைக் கேட்டால்?

இவ்வளவும் சரியான பிறகு வண்டிக்கு வாருங்கள். தெருவில் நிற்கிற எந்த வண்டியிலும் ‘டி.என். 58’ மாதிரி நம்பர் கண்ணில் படக்கூடாது, அந்த முறை 1989-க்குப் பிறகு வந்தது. அப்போது மூன்று எழுத்து, பின்னால் எண், அவ்வளவுதான்.