டிரான்சிட்டிவ், இன்ட்ரான்சிட்டிவ்: "எதை?" என்று தமிழில் கேட்டால் ஏன் தப்பாகிறது?

பள்ளியில் ஆங்கில இலக்கணத்தில் படித்தது நினைவிருக்கும். வினைச்சொல்லைப் பார்த்து "எதை?", "யாரை?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் டிரான்சிட்டிவ், வராவிட்டால் இன்ட்ரான்சிட்டிவ். தமிழில் செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினை என்று படித்தோமே, அதேதான். சாப்பிட்டான் – எதை? தோசையை. தூங்கினான் – எதை? பதில் இல்லை.

இதை நம்பிப் பல வருடம் தப்பாக எழுதியிருக்கிறேன். ஒருமுறை அலுவலக மின்னஞ்சலில் "லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் தி பட்ஜெட்" என்று எழுதினேன். மேலாளர் 'அபௌட்'டை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பினார், காரணம் சொல்லவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. கேள்வி சரிதான். ஆனால் அதை நாம் தமிழ் வாக்கியத்திடம் கேட்கிறோம். தமிழ் வேற்றுமை உருபு இருக்கும் இடமும் ஆங்கில ப்ரெபொசிஷன் (டு, அபௌட், இன்டு போன்ற சிறு சொற்கள்) இருக்கும் இடமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

படி 1: தமிழை ஒதுக்கிவிட்டு, ஆங்கில வினைக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்

'கேள்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். "பாட்டுக் கேட்டேன்." எதை? பாட்டை. அப்படியானால் டிரான்சிட்டிவ் என்று முடிவு செய்து "ஐ லிசன்ட் சாங்ஸ்" என்று எழுதினால் தப்பு. 'லிசன்' இன்ட்ரான்சிட்டிவ், 'டு' இல்லாமல் பாட்டு பக்கத்தில் வராது. ஆனால் "சத்தம் கேட்டேன்" என்பதற்கு 'ஹியர்'. அது நேராக "ஹர்ட் எ நாய்ஸ்". அப்புறம் "அவனிடம் கேட்டேன்." இங்கே 'இடம்' இருப்பதால் கை தானாக "ஆஸ்க்ட் டு ஹிம்" என்று எழுதும். சரியானது "ஆஸ்க்ட் ஹிம்". தமிழில் ஒரே 'கேள்', ஆங்கிலத்தில் மூன்று வினை. ஒன்றுக்கு 'டு' வேண்டும், மற்ற இரண்டுக்கும் வேண்டாம்.

இதே காரணத்தால் நாம் வழுக்கும் வேறு இடங்கள்: "அதைப் பற்றி விவாதித்தோம்" என்பதால் 'டிஸ்கஸ் அபௌட்', "மதுரைக்குப் போய்ச் சேர்ந்தேன்" என்பதால் 'ரீச் டு', "அறைக்குள் நுழைந்தேன்" என்பதால் 'என்டர் இன்டு'. மூன்றிலும் இடையில் எதுவும் வேண்டாம்: டிஸ்கஸ் தி பட்ஜெட், ரீச் மதுரை, என்டர் தி ரூம். ஒப்பந்தம் போடுவது போன்ற இடங்களில் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' சரி.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் ப்ரெபொசிஷன் திரும்பி வந்துவிடும். 'எ டிஸ்கஷன் அபௌட் தி பட்ஜெட்', 'அன் ஆன்சர் டு தி கொஸ்டின்' இரண்டும் சரி. ஆனால் 'டிஸ்கஸ்', 'ஆன்சர்' என்று வினையாக்கினால் அவற்றை எடுத்துவிட வேண்டும். என்னைக் குழப்பியது இதுதான். எங்கோ சரியாகப் படித்த 'அபௌட்' மனதில் தங்கி, வினையிலும் ஒட்டிக்கொண்டது.

படி 2: செயப்பாட்டு வினையாக்கிப் பாருங்கள்

ஹேப்பன், அரைவ், டிசப்பியர் ஆகியவை இன்ட்ரான்சிட்டிவ் என்பதால் அவற்றுக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. அதனால் "தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்" தப்பு. "ஹேப்பன்ட்" மட்டும் போதும்.

படி 3: ஒரே சொல் இரண்டு வேலை செய்யும் இடங்கள்

நம்மிடம் உடைந்தது – உடைத்தாள், உருகியது – உருக்கினாள் என்று வடிவமே பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் பிரேக், மெல்ட், ஓபன் எல்லாம் இரண்டு பக்கமும் வரும். "ஷி புரோக் தி டம்ளர்", அவள் உடைத்தாள். "தி டம்ளர் புரோக்", அது உடைந்தது. இரண்டாவதைப் பார்த்தால் ஏதோ விட்டுப்போனதுபோலத் தோன்றி, 'வாஸ்' சேர்த்து "வாஸ் புரோக்கன்" என்று எழுதிவிடுகிறோம். இலக்கணம் சரிதான், ஆனால் யாரோ உடைத்தார்கள் என்றோ ஏற்கெனவே உடைந்து கிடந்தது என்றோ பொருள் மாறிவிடும்.

படி 4: அகராதி

மொழிபெயர்ப்புச் செயலிகளை இதற்கு நம்பாதீர்கள். 'டிஸ்கஸ் = விவாதி' என்று பொருள் சொல்லும், அடுத்து என்ன வரும் என்று சொல்லாது. நான் பயன்படுத்துவது கேம்பிரிட்ஜ் இணைய அகராதி. சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் 'டி' (டிரான்சிட்டிவ்) என்றோ 'ஐ' (இன்ட்ரான்சிட்டிவ்) என்றோ இருக்கும். இரண்டும் இருந்தால் இரண்டு விதமாகவும் வரும் என்று பொருள். வினைக்குப் பின் என்ன அமைப்பு வரும் என்பதை மாணவர்களுக்கு அகராதியிலேயே காட்ட வேண்டும் என்று உழைத்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் தொகுத்த அகராதி முதலில் 1942இல் டோக்கியோவில்தான் வந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை வகுப்பறையில் பார்த்தவர் என்பதால், அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பின்சேர்க்கை

"எக்ஸ்ப்ளெய்ன் மீ தப்பு என்கிறார்கள், டெல் மீ மட்டும் எப்படிச் சரி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 'டெல்' இரண்டு செயப்படுபொருளை நேராக ஏற்கும்: டெல் மீ தி ரீசன். 'எக்ஸ்ப்ளெய்ன்' பொருளை மட்டுமே நேராக ஏற்கும், ஆளுக்கு 'டு' வேண்டும்: எக்ஸ்ப்ளெய்ன் தி ரீசன் டு மீ. 'சே', 'சஜஸ்ட்', 'டிஸ்க்ரைப்' மூன்றும் 'எக்ஸ்ப்ளெய்ன்' பக்கம். 'கிவ்', 'சென்ட்', 'ஷோ' மூன்றும் 'டெல்' பக்கம்.